நாட்டுச்சர்க்கரை பாக்கெட்டுக்கு கெத்தான ஒரு செரிஃப் ஃபான்ட்

போன மாசம் கவுந்தப்பாடி பக்கம் ஆலை வெச்சிருக்கற ஒரு அண்ணன் வந்து, "தம்பி, பாக்கெட்ல பேரு இங்கிலீஷ்லயும் தமிழ்லயும் பழைய காலத்து கெத்தா தெரியோணும், ஆனா கல்யாணப் பத்திரிக்கையாட்டம் இருக்கப்படாது"ன்னாரு. அதுக்கு நான் எடுத்தது ப்ளேஃபேர் டிஸ்ப்ளேங்கற ஃபான்ட், அதுல பிளாக் வெயிட், அதாவது இருக்கறதுலயே தடிப்பான எழுத்து. புதுசா டிசைன் கத்துக்கறவங்களுக்கு இதையே வெச்சு சொல்றேன்.

முதல்ல எழுத்தைப் பெருசாக்கி சித்தே உத்துப் பாருங்க. இங்கிலீஷ் ஐ எழுத்துல கோயில் தூணுக்கு மேல போதிகை, கீழ பீடம் இருக்கற மாதிரி ரெண்டு முனையிலயும் ஒரு சின்னக் கோடு இருக்கும், அதான் செரிஃப். ஓ எழுத்தைப் பாத்தா ரெண்டு பக்கமும் குண்டு, மேலயும் கீழயும் நூலு. இந்த குண்டு-நூலு வித்தியாசந்தான் இதோட குணமே. 18ஆம் நூற்றாண்டுல இறகுப் பேனா போயி கூர்முனை இரும்புப் பேனா வந்த காலத்து எழுத்து, பர்மிங்ஹாம்ல ஜான் பாஸ்கர்வில் வார்த்த எழுத்து, இதையெல்லாம் மனசுல வெச்சு கிளாஸ் எகர்ஸ் சோரன்சன் வரைஞ்சது.

அடுத்து, கூகுள் ஃபான்ட்ஸ்ல டவுன்லோட் பண்ணுங்க, காசு இல்ல, வியாபாரத்துக்கும் யூஸ் பண்ணலாம். ஜிப்புக்குள்ள ஸ்டாட்டிக்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல இருக்கற பிளாக்கை மட்டும் இன்ஸ்டால் பண்ணுங்க, பழைய கோரல் டிரா சாஃப்ட்வேர், எல்லா தடிப்பும் ஒரே ஃபைல்ல இருக்கற வேரியபிள் ஃபான்ட்டோட மல்லுக்கட்டும்.

பேரை மட்டும் இதுல போடுங்க. தயாரிப்பு விவரம், அட்ரஸ் எல்லாத்தையும் ஒட்டுக்கா இதுலயே போட்டா நூலுக் கோடெல்லாம் பிளாஸ்டிக் கவர்ல விழவே விழாது, அதுக்கெல்லாம் முனைக் கோடு இல்லாத சாதா சான்ஸ் செரிஃப் போதும். கரும்பச்சை மேல வெள்ளை எழுத்துன்னா இன்னும் உஷார், சுத்தி இருக்கற இங்க் பரவி நூலை முழுங்கிடும்.

தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழ். அதுலயும் பிளாக் இருக்குது, ஆனா ஞ, ழ மாதிரி எழுத்துல சுழி அடைச்ச மாதிரி ஆகுது, அதனால ஒரு படி கீழ எக்ஸ்ட்ரா போல்டுதான் என் சாய்ஸ்.

இப்ப நான் மாட்டுனது. நிகர எடை 500 கிராம்னு ப்ளேஃபேர்லயே பெருசா அடிச்சேன், ப்ரூஃப் பாத்த அண்ணன், "ஏந்தம்பி, 5 மட்டும் நெம்பரு, பக்கத்துல ரெண்டு ஓ போட்டு வெச்சிருக்கீங்க?"ன்னாரு. தப்பு என்னுதுதான், செக் பண்ணல. இந்த ஃபான்ட்ல எண்கள் பழைய பாணி, 5 கோட்டுக்குக் கீழ இறங்கும், 0 சின்ன ஓ உயரந்தான் நிக்கும். இங்க்ஸ்கேப் சாஃப்ட்வேர்ல டெக்ஸ்ட் அண்ட் ஃபான்ட் டயலாக்ல ஃபீச்சர்ஸ் டேபுக்குப் போயி நியூமரிக்ல லைனிங்னு மாத்துங்க, எல்லா நெம்பரும் ஒரே உயரத்துல நிமிந்து நிக்கும். விலைக்கும் இதே கதைதான்.

கடைசியா ஏ4ல நெசமான சைஸ்ல பிரிண்ட் எடுத்து காலி பாக்கெட்ல ஒட்டி, அலமாரில வெச்சுட்டு நாலடி தள்ளி நின்னு பாருங்க. நூலு தெரியலீன்னா எழுத்தைப் பெருசாக்குங்க, இல்ல பேரைச் சுருக்கச் சொல்லுங்க (கேக்க மாட்டாங்க). அச்சுக்கு அனுப்பறப்ப டெக்ஸ்டை பாத் (path), அதாவது வெறும் கோட்டு வடிவமா மாத்திட்டு பிடிஎஃப் குடுங்க, இல்லீன்னா அவங்க சிஸ்டத்துல இந்த ஃபான்ட் இல்லாம வேற ஏதாச்சும் ஒண்ணுல 5000 கவர் அடிச்சு வந்து நிக்கும்.