நீண்ட டச்சுச் சொல்லை உடைத்து வாசிப்பது எப்படி?

ஹட்டனில் என்னிடம் டச்சு படிக்க வரும் பிள்ளைகளுக்கு முதலில் ‘தேபிளான்தாஷ’ கொடுப்பேன், தேயிலைத் தோட்டம். எழுத்துக்கூட்டி ஓடாதீங்க. இரண்டு சொற்கள் சேரும் ஒட்டு எங்கே என்று தேடி அங்கே பென்சிலால் கோடு போடுங்க: தே | பிளான்தாஷ. அதற்குப் பிறகுதான் அசை: தே-பிளான்-தா-ஷ. ‘பிளான்தாஷ’ தனியாக நின்றால் ‘தா’வில் அழுத்தம். கூட்டுச்சொல்லில் முதன்மை அழுத்தம் ‘தே’க்குப் போகும், ‘தா’வில் லேசாக மிஞ்சும்.

இரவுச் சாப்பாடான ‘ஆவொந்த்-ஏதன்’ நம்ம நாக்குக்கு உண்மையிலேயே கஷ்டம். மெய்யோடு உயிரைச் சேர்த்தே பழகிய நாம் ‘ஆவொந்தேதன்’ என்போம். கோட்டைத் தாண்டிச் சேர்க்காதீங்க. ‘ஆவொந்த்’தின் கடைசியில் எழுதுவது ஆங்கில ‘டொக்டர்’ சொல்லின் முதல் எழுத்தான d. பகுதியின் கடைசியில் நிற்பதால் ‘த்’ என்று வல்லொலியாகும்.

முதன்மை அழுத்தம் முதல் பகுதிக்கு என்பதற்கு விதிவிலக்கும் உண்டு: ‘ஸ்தத்ஹௌஸ்’, நகர மண்டபம். அழுத்தம் ‘ஹௌஸ்’ மேல், மனப்பாடம்தான் வழி.