கோவா இலை மஞ்சளித்ததும் டொலமைட்டும்

நுவரெலியா மாவட்டத்தின் கந்தப்பளைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் கோவா (முட்டைக்கோஸ்) இலைகள் மஞ்சளித்துக்கொண்டே போயின. யூரியா போட்டேன், பயனில்லை. பூச்சிக்கு மருந்தடித்தேன், காசுதான் போனது. சரி, மண் புளித்திருக்கும் என்று சுண்ணாம்புக்கல் பொடி தூவினேன். பிஎச் ஏறியது, அதாவது புளிப்புக் குறைந்தது, ஆனால் மஞ்சள் மாறவில்லை.

விடை இலையிலேயே இருந்தது. அடி இலைகள்தான் முதலில் மஞ்சளித்தன. நரம்புகள் மட்டும் பச்சையாகவே நின்றன. யூரியா தரும் நைதரசன் குறைந்தால் நரம்பும் சேர்ந்தே வெளிறும். இது மக்னீசியக் குறை: செடி அதை அடி இலையிலிருந்து எடுத்துத் தளிருக்கு அனுப்பிவிடும். சுண்ணாம்புக்கல்லில் பெரும்பாலும் கல்சியம் காபனேற்றுதான். கல்சியம் மிஞ்சினால் வேர் மக்னீசியத்தை எடுப்பதும் குறையும். சுண்ணாம்புக்கல் போன்ற இன்னொரு கல்லான டொலமைட்டில் கல்சியம், மக்னீசியம் இரண்டும் இருக்கின்றன.

வாங்கும்போது ஒரு சிட்டிகைப் பொடியில் தேசிக்காய்ப் புளி விட்டுப் பாருங்கள். சுண்ணாம்புக்கல் பொடி உடனே பொங்கி நுரைக்கும், டொலமைட் மெதுவாகத்தான் குமிழிடும். குறுணையாக இருப்பது மண்ணில் கரையக் காலம் எடுக்கும், மாவாக அரைத்ததே நல்லது. அடுத்த நடுகைக்கு முன்பே டொலமைட்டை மண்ணில் கொத்திக் கலந்தேன். யூரியாவை அப்புறம் தனியாகப் போட்டேன். சேர்த்துப் போட்டால் யூரியாவின் நைதரசனில் ஒரு பகுதி அமோனியா வாயுவாகப் பறந்துவிடும். இந்தப் போகத்தில் அடி இலைவரை பச்சை. பெரிய நிம்மதி.