கல்லாவில் நிற்பவருக்குக் கையேடு எழுதுவது எப்படி

மலேசியாவின் பினாங்கில், லெபோ பசார் தெருவில் ஒரு மளிகைக்கடை. அங்கே ஓடும் பில் மென்பொருளுக்கு நான் எழுதிய 40 பக்கக் கையேட்டை, ஆறு மாதம் கழித்துக் கல்லாவின் கீழறையில் பார்த்தேன். பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவே இல்லை. அந்தக் கடையின் கல்லாவில் நிற்கும் பெண்ணிடமிருந்துதான் அடிக்கடி தொலைபேசி வரும்: "அக்கா, கூட்டினால் 12 ரிங்கிட் 43 சென். கணினி 12.45 என்கிறது. இரண்டு சென் ஏன் கூடுகிறது?"

விடை 31ஆம் பக்கத்தில் இருந்தது, 'தொகை முழுமையாக்கல் அமைப்புகள்' என்ற தலைப்பில். அந்தப் பெண் எப்படி அதைத் தேடியிருப்பாள்?

யாரும் படிப்பதில்லை என்று எங்கள் அலுவலகத்தில் சலித்துக்கொள்வார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. எதிரே ஐந்து பேர் காத்து நிற்கும்போது யாரால் புத்தகம் புரட்ட முடியும்? ஐபிஎம் கணினி நிறுவன ஆய்வாளர்கள் ஜான் கேரல், மேரி பெத் ராசன் இருவரும் 1987இலேயே இதை எழுதிவிட்டார்கள்: கற்றுக்கொண்டால் பின்னால் நேரம் மிச்சம் என்றாலும், கையிலுள்ள வேலையை முடிக்கத்தான் மனம் முந்தும்.

ஆகவே, எழுத உட்காருமுன் கடைக்குப் போங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு ஒரு சனிக்கிழமை முழுக்க இருங்கள். கை எங்கே தயங்குகிறது, எதற்கெல்லாம் முதலாளியைக் கூப்பிடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் கேட்கும் கேள்வியையே தலைப்பாக வைத்து, கேள்விக்கு ஒரு சிறு அட்டையாக விடை எழுதிக் கல்லாவருகே வையுங்கள். என் முதல் அட்டை இது:

"இரண்டு சென் ஏன் கூடுகிறது? ரொக்கமாகக் கொடுத்தால் மட்டும் மொத்தத் தொகை அருகிலுள்ள ஐந்து சென்னுக்கு மாறும். கடைசி இலக்கம் 1, 2 என்றால் 0. 3, 4, 6, 7 என்றால் 5. 8, 9 என்றால் அடுத்த பத்து. 2008 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் இதே முறை. கார்டில் கட்டினால் மாறாது."

பின்பக்கம் இதையே மலாயில் அச்சிட்டேன். வாடிக்கையாளர் கேட்டால் அட்டையைத் திருப்பிக் காட்டிவிடலாம். வாதம் அங்கேயே அடங்கும்.

அட்டையைக் கல்லாவருகே வைக்குமுன் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. எந்த வரியில் அவர் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்த வரியைத் திருத்துங்கள். மாதக் கணக்கு முடிப்பது போன்றவை பெரிய கையேட்டிலேயே இருக்கட்டும். கணக்கர் தேடி எடுப்பார்.

சென்ற மாதம் போனபோது அட்டையின் ஓரமெல்லாம் மஞ்சள்தூள். 3, 4 என்ற வரி விரல் பட்டு மங்கியிருந்தது. மறுநாளே புதிதாக அச்சடித்து எடுத்துப்போய் வைத்தேன்.