ஹே ரிவர் ஊரின் பேரிடர் வரலாற்றைத் தொகுப்பது எப்படி

கனடாவின் வடமேற்கு நிலப்பகுதிகளில், ஹே ஆறு கிரேட் ஸ்லேவ் ஏரியில் கலக்கும் இடத்தில் இருக்கிறது ஹே ரிவர். 1963 வெள்ளம், 2022 வெள்ளம், 2023இல் மே மாதமும் ஆகஸ்ட் மாதமும் காட்டுத்தீ என்று ஆண்டுகளை வரிசையாக எழுதிவிடலாம். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு எங்கே வீடு கட்டலாம் என்று யாராலும் முடிவெடுக்க முடியாது. நீர் எந்த உயரம் வரை வந்தது, எதனால் வந்தது, அப்போது அந்த இடத்தில் என்ன இருந்தது ஆகிய மூன்றும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் வேண்டும்.

முதலில் ஆற்றின் போக்கு. ஹே ஆறு வடக்கு நோக்கி ஓடுகிறது. வசந்தத்தில் தெற்கே மேல்பகுதியில் பனி உருகிப் பெருகும்போது, கீழே ஊரருகில் ஆற்றுப்பனியும் ஏரிப்பனியும் இறுகியே கிடக்கும். 32 மீட்டர் உயர அலெக்சாண்ட்ரா அருவியையும் அடுத்துள்ள லூயிஸ் அருவியையும் தாண்டி வரும் பனிப்பாளங்கள், ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள வேல் தீவைச் சுற்றி இரண்டாகப் பிரியும் ஆழமற்ற கிளைகளில் சிக்கி அடைத்துக்கொள்கின்றன. அடைப்புக்குப் பின்னால் சில மணி நேரத்திலேயே நீர்மட்டம் மீட்டர் கணக்கில் ஏறிவிடும். ஆற்றில் ஓடும் நீரின் அளவு பெரிதாக இல்லாதபோதும் வெள்ளம் வரும்.

தொகுப்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். கனடா நீரளவைத் துறையின் பதிவுகளில் ஆண்டின் உச்ச நீரோட்டத்தை எடுத்து, பெரிய எண் உள்ள ஆண்டெல்லாம் வெள்ள ஆண்டு என்று குறித்துவிடுகிறார்கள். பனி அடைப்பு வெள்ளத்துக்கு அது செல்லாது. நீங்கள் எடுக்க வேண்டியது நீர்மட்டம். நீரளவு நிலையம் ஊருக்கு மேல்போக்கில் இருப்பதால் அதன் மட்டத்தையும் அப்படியே தீவுக்குப் பொருத்தக் கூடாது. பனியால் பாதிக்கப்பட்ட நாள்களின் நீரோட்ட எண்களுக்குப் பக்கத்தில் 'B' என்ற குறி இருக்கும்; அவை மதிப்பீடுகள், நேரடி அளவுகள் அல்ல.

உயரங்களைச் சேர்க்கும்போது அடிப்படை மட்டத்தை, அதாவது உயரத்தை எந்தச் சுழியிலிருந்து அளந்தார்கள் என்பதை, சரிபாருங்கள். பழைய கனடிய வரைபடங்கள் 1928 உயர அடிப்படையிலும் புதியவை 2013 அடிப்படையிலும் இருக்கும். வேறுபாடு இடத்துக்கு இடம் மாறும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதற்கான கருவியைக் கனடாவின் இயற்கை வளத் துறை இலவசமாகத் தருகிறது. இதைச் செய்யாமல் 1963ஐயும் 2022ஐயும் ஒப்பிட்டால், கிடைக்கும் வேறுபாட்டில் எவ்வளவு வெள்ளத்தினுடையது, எவ்வளவு அளவுகோலினுடையது என்று பிரிக்க முடியாது.

எழுத்துப் பதிவுகளுக்கும் பழைய வான்படங்களுக்கும் மூன்று இடங்கள்: விலங்குத்தோல் வணிகம் நடத்திய ஹட்சன் பே கம்பெனிக்கு வின்னிபெக்கிலுள்ள ஆவணக்காப்பகம், யெல்லோநைஃபிலுள்ள வடமேற்கு நிலப்பகுதிகள் ஆவணக்காப்பகம், ஒட்டாவாவிலுள்ள தேசிய வான்படத் தொகுப்பு. அந்தக் கம்பெனியின் வணிக நிலைய நாட்குறிப்புகளில் வெள்ளம் என்ற சொல்லைத் தேடாதீர்கள். ஏப்ரல், மே பக்கங்களில் பனி நகர்ந்த நாளைத் தேடுங்கள். பனி அமைதியாகப் போன ஆண்டுகளையும் குறியுங்கள். வெள்ளம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது என்று சொல்ல அவையும் தேவை. பதிவே இல்லாத ஆண்டை வெள்ளமில்லா ஆண்டாக எண்ணாமல் 'தெரியவில்லை' என்று விடுங்கள்.

'ஊர் மூழ்கியது' என்ற வரி கிடைத்தால் எந்த ஊர் என்று கேளுங்கள். 1963 வெள்ளத்துக்குப் பிறகுதான் ஊரின் பெரும்பகுதி தெற்கே மேட்டுக்கு நகர்ந்து புதிய நகரமானது. அதற்கு முன் 'ஊர்' என்றால் வேல் தீவும், எதிர்க்கரையிலிருந்த டெனே பழங்குடியினரின் குடியிருப்பும். 2022 மே மாதத்தில் ஊர் முழுவதையும் காலி செய்தார்கள். அதனால் அந்த ஆண்டில் பல இடங்களில் நீரேறியதைப் பார்க்க ஆளே இல்லை; வான்படமும் சுவரில் படிந்த வண்டல் கோடும்தான் சாட்சி. வண்டல் கோட்டைச் சுத்தம் செய்வதற்கு முன்பே அளந்துவிட வேண்டும்.

அந்த டெனே மக்களான காட்லோதீச்சே முதல் குடியினரின் மூத்தோரிடம் பேசும்போது ஆண்டைக் கேட்காதீர்கள், இடத்தைக் கேளுங்கள்: தண்ணீர் எந்தப் படி வரை வந்தது, படகை எந்த மரத்தில் கட்டினீர்கள். ஆண்டைப் பிறகு பிள்ளை பிறப்பு, இடமாற்றம் போன்றவற்றோடு பொருத்தலாம். பதிவு அந்தச் சமூகத்துக்கே உரியது. யார் கேட்கலாம், எங்கே வைக்கலாம் என்பதை ஒலிப்பதிவுக்கு முன்பே அவர்களோடு எழுத்தில் முடிவு செய்யுங்கள்.

இதற்கும் முந்திய காலத்துக்கு மரங்கள். பனிப்பாளம் உரசிய வடு ஆற்றின் மேல்போக்கைப் பார்த்த பக்கத்தில், தரையிலிருந்து உயர்ந்து இருக்கும். தீவடு அடிமரத்தில் முக்கோணமாகத் தொடங்கும், கரியும் இருக்கும். இட உரிமையாளரின் அனுமதியோடு, 5 மி.மீ. துளைக்கருவியால் வடுவின் ஓரத்தில் ஒன்றும் எதிர்ப்பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு மாதிரிகள் எடுங்கள். மரச்சட்டத்தில் ஒட்டி, 120ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 400ஆம் எண் வரை தேயுங்கள். பட்டையிலிருந்து உள்நோக்கி எண்ணுங்கள். பனி உடைவது மரம் வளரத் தொடங்கும் முன்பு என்பதால், வடு இரண்டு வளையங்களின் எல்லையில் விழும். எல்லைக்கு வெளியே உள்ள வளையத்தின் ஆண்டே வெள்ள ஆண்டு. அடிபட்ட மரம் சில ஆண்டு வளையமே போடாமல் விடும். ஆகவே அருகிலுள்ள அடிபடாத மரங்களோடு ஒப்பிடாமல் ஆண்டு சொல்லக் கூடாது. ஸ்ப்ரூஸ் வளையம் தெளிவாகத் தெரியும், பாப்லரில் கண் வலிக்கும். குறைந்தது மூன்று மரங்கள் ஒரே ஆண்டைக் காட்டினால்தான் ஏற்றுக்கொள்ளுங்கள். வடுவின் உச்சி நீர்மட்டம் அல்ல. பாளங்கள் நீருக்கு மேலே குவிந்து உரசும்.

தீ வரலாறு ஒப்பீட்டளவில் எளிது. கனடிய தேசியத் தீத் தரவுத்தளத்தில் எரிந்த பரப்புகள் வரைபடமாகவே கிடைக்கின்றன. பழைய காலத்துக்கும் சிறு தீகளுக்கும் மட்டும் இடைவெளி உண்டு. பக்கத்து ஊரான என்டர்பிரைஸையும் சேர்த்தே எழுதுங்கள். 2023 ஆகஸ்டில் அதன் பெரும்பகுதி எரிந்தது, ஹே ரிவர் மக்கள் வெளியேறும் சாலையும் அதன் வழியாகத்தான் போகிறது.

அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் நாள், இடம், அப்போது அங்கே இருந்தது, உயரம், உயர அடிப்படை, காரணம், சான்று, நம்பகம் என எட்டுக் கட்டங்கள் போதும். முடித்ததும் ஒரு நகலை ஊரிலும் ஒன்றை யெல்லோநைஃபிலும் வையுங்கள். 2023 ஆகஸ்டில் யெல்லோநைஃபையும் தீயால் காலி செய்ய நேர்ந்தது. மூன்றாவது நகல் தெற்கே வேறு மாகாணத்தில் இருக்கட்டும்.