ஆயுள் தண்டனை முடித்து வந்தவரைப் பட்டறையில் சேர்க்கும்போது

ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற கல் (டைல்ஸ்) போடும் பட்டறை வைத்திருக்கிறேன். கொலை வழக்கில் உள்ளே இருந்து வந்தவர்களும் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். “வைக்கலாமா அண்ணே?” என்று கேட்கிற பட்டறைக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

முதலில் விடுதலை உத்தரவை வாங்கிப் படியுங்கள். 14 ஆண்டு ஆனால் ஆயுள் கைதி தானாக வெளியே வந்துவிடுவார் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. ஆயுள் என்றால் ஆயுள்தான். அரசு முன்விடுதலை கொடுத்தால்தான் உண்டு. உத்தரவில் நிபந்தனை ஏதும் இருந்து, அவர் எங்காவது ஆஜராக வேண்டியிருந்தால், அன்றைய கூலியைப் பிடிக்காமல் அனுப்புங்கள்.

அடுத்து, இறந்தவரின் குடும்பம் எந்த ஊர் என்று கேளுங்கள். எல்லோரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அந்த ஊரில் தளம் பதிக்கிற வேலை வந்தால் இவரை அனுப்பாதீர்கள். இவருக்காக மன்னிப்புக் கேட்டு அந்த வீட்டுக்குத் தூதும் போகாதீர்கள். இவர் திருந்தியதில் அந்தத் தாய் ஆறுதல் அடைந்தே ஆக வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. சிறையில் உழைக்கிற கூலியில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்கச் சட்டம் செய்யுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 1998-லேயே மாநிலங்களுக்குச் சொன்னது. அது எனக்குச் சரியாகப் படுகிறது.

கூட வேலை செய்பவர்களிடம் அவர் சம்மதத்தோடு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூலி எல்லோருக்கும் ஒரே கணக்கு.

வேலை? யார் புதிதாக வந்தாலும் மணல் சலிப்பார், காய்ந்த கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவார். இவருக்கும் அதே. கண்ணாடி மேல் அச்சு வைத்து வண்ணம் ஊற்றுவதுதான் எங்கள் தொழிலின் உயிர். ஒரு சொட்டு பக்கத்துக் கட்டத்தில் விழுந்தால் கல் வீண். கை பழகியதும் அதைக் கொடுத்துவிடுங்கள். கடைசி வரை சாந்து சுமக்கவே விட்டால் அது இரண்டாவது தண்டனை. அதை விதிக்க நாம் நீதிபதி இல்லை.

நம் சிவகங்கை மாவட்டத்துப் புரசடை உடைப்பு திறந்தவெளிச் சிறையில் விவசாயம் பார்த்துவிட்டு வருபவர்கள் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறார்கள். மதில் சுவருக்குள்ளேயே இருந்தவர்களுக்கு நாள் பிடிக்கும். ஒருவர் சாப்பாட்டு நேரத்தில்கூட எழுந்து போகாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். “மணி ஒண்ணாச்சுப்பா, போய்ச் சாப்பிடு” என்று தினமும் சொன்னேன். அப்புறம் தானாகவே போக ஆரம்பித்தார். இதற்கெல்லாம் பொறுமை வேண்டும்.

குடித்துவிட்டுச் சண்டை போட்டால் மற்றவர்களுக்கு என்னவோ அதுதான் இவருக்கும். ஆனால் அந்தக் குடும்பத்தைத் தேடிப் போனார் என்று தெரிந்தால் அன்றே காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள். அப்படிச் செய்வேன் என்பதைச் சேரும் நாளிலேயே அவரிடம் முகத்துக்கு நேராகச் சொல்லி வையுங்கள்.