ஜப்பான் காலத்துத் தோட்டத்துப் பையன்: நாவலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் நாவல் எழுதும் சிலர் எங்களுக்குள் கைப்பிரதிகளை மாற்றிப் படித்துக்கொள்வோம். பாதிக்குமேல், ஜப்பான் காலத்தில், அதாவது போரில் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்தில், ரப்பர் தோட்டத்தில் வளரும் ஒரு பையனின் கதையாகவே இருக்கும். என்னுடையதும் அதுதான். அதனால் கீழே வரும் தவறுகளில் சில என் சொந்தச் சரக்கு.

எல்லாவற்றிலும் பெரியது, பையனின் தலைக்குள் எழுத்தாளர் ஏறி உட்கார்ந்துகொள்வது. ஒரு கைப்பிரதியில் பத்து வயதுப் பையன், 1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவில் ஜப்பானியப் படை இறங்கியதை எண்ணி அன்றிரவே கலங்குகிறான். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான செபராங் பிறையில், லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) தூங்கியவனுக்கு அதை யார் சொன்னது? அவனுக்குத் தெரிந்திருக்கக்கூடியவை வேறு. டிசம்பர் 11ஆம் தேதி தீவிலுள்ள ஜார்ஜ்டவுனில் குண்டு விழுந்தபோது கடலுக்கு அப்பால் எழுந்த புகை. காரில் ஏறிப் போன துரை, தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரர், திரும்பாதது. மறுநாள் தொழிலாளர் காலையில் கூடும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட யாரும் வராதது. பங்களாவில் கட்டிக் கிடந்த நாய் பகலெல்லாம் குரைத்தது. இவை போதும்; கோத்தா பாரு வேண்டாம்.

'சயாம் மரண ரயில்' என்ற பெயரும் அப்படித்தான். சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட ரயில் பாதை அது; தோட்டத்திலிருந்து வேலைக்குப் போன பலர் அங்கே மாண்டார்கள். தண்டவாளத்தின் நீளம் 415 கிலோமீட்டர், இரு முனைகளும் 1943 அக்டோபரில் இணைந்தன என்பதெல்லாம் நாம் பிறகு படித்தவை. வண்டி ஏறும் நேரத்தில் அது வேலைக்குப் போகிற ஊர். கூலி உண்டு, சாப்பாடு உண்டு என்றார்கள். மரணம் என்ற சொல்லை முதல் அத்தியாயத்திலேயே வைத்துவிட்டால், அப்பாவுக்காகக் காத்திருக்கும் பையனோடு வாசகரும் எப்படிக் காத்திருப்பார்?

அடுத்தது என் தவறு. முதல் வரைவில், 1943இல் பையனின் அம்மா தினமும் இருட்டோடு எழுந்து மரம் வெட்டப் போனாள், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுக்க. பட்டை கீறும் உளி, பால் வடியும் மங்கு, தோளில் காவும் காண்டா வாளி என்று இரண்டு பக்கம் ரசித்து எழுதியிருந்தேன். அப்போது உயிரோடிருந்த பாட்டியிடம் படித்துக்காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், "ஏனப்பா, அந்தப் பாலை யார் வாங்கினார்கள்?" என்றார்.

அவ்வளவுதான், இரண்டு பக்கமும் போயிற்று. மலாயா ரப்பரை வாங்கியவை முக்கியமாக அமெரிக்காவும் ஐரோப்பாவும். போர் அந்தக் கடல்வழியை அடைத்துவிட்டது. ஜப்பானால் அத்தனை ரப்பரையும் பயன்படுத்த முடியவில்லை. பல தோட்டங்களில் மரங்கள் வெட்டப்படாமல் நின்றன, லாலாங் புல் மண்டியது, கிடைத்த இடத்திலெல்லாம் மரவள்ளி நட்டார்கள். தோட்டத்துப் பஞ்சத்துக்கு ஒரு காரணம் அங்கேதான் இருக்கிறது: கூலி தந்த மரம் கண்ணெதிரே நிற்கிறது, வெட்டினால் வாங்க ஆளில்லை. அதை விட்டுவிட்டு அம்மாவை வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். (போருக்கு முந்திய அத்தியாயங்களில் மரம் வெட்டலாம். ஆனால் கொட்டும் மழையில் வேண்டாம். பட்டை நனைந்தால் பால் காயத்தை விட்டு வழிந்து வீணாகும். சோகத்துக்காக மழையில் மரம் வெட்டவைக்கும் எழுத்தாளர்கள் இன்னும் இருக்கிறார்கள்.)

கடிகாரத்தைப் பலர் மறக்கிறார்கள். ஜப்பானியர் மலாயாவின் நேரத்தை தோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள்; கடிகாரம் ஒன்றரை மணிநேரம் முன்னே போனது. ஆகவே 1943இல் 'காலை ஆறு மணிக்குச் சூரியன் எழுந்தது' என்று எழுதாதீர்கள். அந்தக் கடிகாரத்தில் எட்டு மணிக்கு மேல்தான் வெளிச்சம். லயத்தில் கடிகாரம் இல்லையென்றால் சேவலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சின்னவை சில. 1963க்கு முன் யாரும் 'மலேசியா' என்று பேசக்கூடாது. காசு வெள்ளிதான் (டாலரை அப்படித்தான் சொன்னார்கள்), ரிங்கிட் அல்ல. பத்து வெள்ளி ஜப்பான் நோட்டில் வாழைமரம் இருந்தது. 1945இல் வெள்ளைக்காரன் திரும்பியதும் அது வெறும் காகிதம். தொழிலாளரை மேற்பார்க்கும் கங்காணியை எப்போதும் சவுக்கோடு நிறுத்துவதும் அலுத்துவிட்டது. அவர் மகனும் சயாமுக்குப் போயிருக்கலாம்.

கடைசியாக, இடைவிடாத அழுகை. சாக்கை உடுத்தி மரவள்ளி தின்ற பையனும் விளையாடினான். ரப்பர் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, சூடு ஏறியதும் பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைத்துவிட்டு ஓடுவது தோட்டத்துப் பிள்ளைகளின் பழைய குறும்பு. என் நாவலில் அப்பா லாரியில் ஏறும்போது பையன் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான். லாரி கிளம்பும் சத்தம் கேட்டுத்தான் நிமிர்கிறான். அந்தக் காட்சி முதலில் மார்ச் மாதத்தில் இருந்தது. கொட்டை வெடித்து விழுவது ஆகஸ்டை ஒட்டி என்பதால், அப்பாவின் பயணத்தை ஐந்து மாதம் தள்ளிவைத்தேன்.