நைலான் சென்சார் பெட்டிக்கு லேசர் வெல்டிங்: மோல்டிங் முதல் லீக் டெஸ்ட் வரை

இன்ஜின் பக்கத்தில் உட்காரும் ஒரு சென்சார் பெட்டி. உள்ளே சர்க்யூட் போர்டு, மேலே மூடி. இரண்டும் கருப்பு; உள்ளே தண்ணீர் போகக் கூடாது. அல்ட்ராசோனிக் வெல்டிங் செய்தால் அதன் அதிர்வு போர்டின் சாலிடர்களையும் மெல்லிய கம்பிகளையும் பதம் பார்க்கும். பசை போட்டால் இறுகும்வரை காத்திருக்க வேண்டும். லேசர் மெஷினுக்குப் போடும் பணம் இந்த மாதிரி வேலையில்தான் திரும்பி வரும். அதிர்வு இல்லை, தூள் உதிராது, ஒரு பாகத்துக்குச் சில வினாடிதான்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 30% கண்ணாடி இழை கலந்த நைலான்-6 பெட்டி. 60 × 40 மி.மீ. அளவு, மூலைகளுக்கு 6 மி.மீ. ஆரம். வெல்டு ஓடும் கோட்டின் நீளம் ஏறக்குறைய 190 மி.மீ. லேசர் 980 நானோமீட்டர் டயோடு வகை. கண்ணாடிகளை ஆட்டி ஒளியை ஓட்டும் ஸ்கேனர் தலை உள்ளது.

மூடி லேசர் ஒளியை உள்ளே விடும், பெட்டி அதை உறிஞ்சும். மூடிக்கு அடியில் பெட்டியின் விளிம்பு உருகும். அந்தச் சூடு மேலே ஏறி மூடியின் அடிப்பரப்பையும் உருக்கும். மூடி தானாகச் சூடாவது மிகக் கொஞ்சம். ஆகவே இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் வெல்டு. தொடாத இடத்தில் பெட்டி மட்டும் கருகும், மூடி உருகாமலே நிற்கும்.

கருப்பிலும் இரண்டு வகை

பெட்டிக்குச் சாதாரண கார்பன் பிளாக் போதும், 0.3 முதல் 0.5% வரை. அதற்குக் குறைந்தால் ஒளி ஆழமாக இறங்கிச் சூடு பரவிவிடும். 1% தாண்டினால் மேல் தோலிலேயே எல்லாம் நின்று, உருகுவதற்கு முன் கருகத் தொடங்கும். மூடியில் கார்பன் பிளாக் துளிகூட இருக்கக் கூடாது. கண்ணுக்குக் கருப்பாகத் தெரிந்து அகச்சிவப்பை உள்ளே விடும் சாயம் கலந்த ரகத்தை வாங்க வேண்டும். பொருள் விற்பவரிடம் "லேசர் ஊடுருவும் கருப்பு" என்று அலைநீளத்தையும் சேர்த்துக் கேளுங்கள். 980-ல் நன்றாக விடும் சாயம் 808-ல் மோசமாக இருக்கலாம்.

இரண்டு கருப்பும் கண்ணுக்கு ஒன்றுதான். மோல்டிங் மெஷினில் ரகம் மாற்றும்போது, பிளாஸ்டிக்கை உருக்கும் உருளையான பேரலைச் சரியாகக் கழுவாவிட்டால் முதல் சில பத்து மூடிகளில் கார்பன் பிளாக் எச்சம் இருக்கும். லேசர் பட்டதும் மூடியின் மேற்பரப்பு பொசுங்கும். அவசரத்துக்கு ஒரு நாட்டு வைத்தியம்: டிவி ரிமோட்டின் முன்பக்க விளக்கை மூடியால் முழுசாக மறைத்து அழுத்திப் பாருங்கள். ரிமோட்கள் பெரும்பாலும் 940 நானோமீட்டரில் வேலை செய்பவை. டிவி கேட்டால் மூடி ஒளியை விடுகிறது. எவ்வளவு விடுகிறது என்பதை இது சொல்லாது. அதற்கு அளவுக் கருவி வேண்டும்.

அந்தக் கருவியை வாங்கத் தயங்காதீர்கள். இந்த வேலையின் பாதி அதில்தான் இருக்கிறது. இழை கலந்த நைலான் ஒளியைச் சிதறடிக்கும். நேராக வரும் ஒளியை மட்டும் பிடிக்கும் மீட்டர் குறைத்துக் காட்டும் என்பதால், சிதறிய ஒளியையும் சேர்த்து அளக்கும் கோள வகைக் கருவிதான் சரி. வெல்டு கோட்டின் மேல் குறைந்தது ஆறு இடங்களில் அளந்து பாருங்கள். கேட் (மோல்டுக்குள் பிளாஸ்டிக் நுழையும் வாய்) பக்கமும் அதற்கு எதிர்ப்பக்கமும் ஒரே எண்ணைக் காட்டாது. இழைகள் படுக்கும் திசையும் தடிமனும் இடத்துக்கு இடம் மாறும். வெல்டு கோட்டின் மேல் மூடி 2 மி.மீ.க்கு மேல் தடிக்க வேண்டாம். பிபிடி என்ற பிளாஸ்டிக்கில் மூடி செய்தால் 1.5-லேயே நிறுத்துவது நல்லது. அதன் படிக அமைப்பு ஒளியை நைலானைவிட மோசமாகத் தடுக்கிறது. மோல்டின் சூடு கூடினால் படிகம் வளர்ந்து ஒளி இன்னும் குறையும்.

பாகத்தின் வடிவம்

பெட்டி விளிம்பின் மேல் 1.5 மி.மீ. அகல வெல்டு ரிப் (உருகுவதற்கான மெல்லிய மேடு) ஒன்று ஓட வேண்டும். உருகி அமுங்குவதற்கென்று அதில் 0.3 முதல் 0.4 மி.மீ. உயரம் ஒதுக்குங்கள். ரிப்பின் இரு பக்கமும் பிதுங்கும் உருகலுக்குக் குழி விடுங்கள். இல்லாவிட்டால் அது உள்ளே போர்டின் மேல் வழியும், அல்லது வெளியே மீசை மாதிரி நிற்கும். ஸ்கேனர் ஒளி ஓரங்களில் சாய்ந்து வருவதை மறந்துவிட வேண்டாம். மூடியின் மேல் உயரமான கனெக்டரை வெல்டு கோட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் அதன் நிழல் விழுந்த இடத்தில் வெல்டு இருக்காது. இதை டிராயிங் நிலையிலேயே பிடிக்க வேண்டும். மோல்டு வெட்டிய பிறகு மருந்து இல்லை.

எஜெக்டர் பின் (பாகத்தை மோல்டிலிருந்து தள்ளும் கம்பி) தடம், கேட் தடம், தேதி முத்திரை எதுவும் ஒளி போகும் பாதையில் வேண்டாம். வெல்டு கோட்டின் மேற்பரப்பு மழமழவென்று இருக்கட்டும். சொரசொரப்பு ஒளியைச் சிதறடிக்கும்.

ஈரம்

நைலான் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரமான பாகத்தை உருக்கினால் உள்ளே ஆவி கிளம்பி, வெல்டு முழுக்கப் பொடிப்பொடி குமிழியாக வரும். மோல்டிங்குக்கு முன் குருணையை உலர் காற்று டிரையரில் 80 டிகிரியில் 0.2%க்குக் கீழே இறங்கும்வரை காய வையுங்கள். மோல்டு செய்த பாகங்களை அன்றே அல்லது மறுநாள் வெல்டு செய்துவிடுவது எளிது. வைத்திருக்க வேண்டுமென்றால் அலுமினியத் தாள் பையில் மூடி வையுங்கள். மழைக்காலத்தில் திறந்த டிரேயில் ஒரு வாரம் கிடந்த பெட்டியும் நேற்று மோல்டு செய்த பெட்டியும் ஒரே செட்டிங்கில் ஒரே வெல்டைத் தராது.

கிளாம்ப்

ரிப்பின் பரப்பு 190 × 1.5, அதாவது 285 சதுர மி.மீ. சதுர மி.மீ.க்கு 2 முதல் 4 நியூட்டன் அழுத்தம் தேவை. கணக்குப்படி 570 முதல் 1,140 நியூட்டன். 60 முதல் 115 கிலோ எடை போல. அழுத்தம் வெல்டு கோட்டுக்கு மிக அருகில், சுற்றிலும் சமமாக விழ வேண்டும். உள்ளே ஒரு சட்டம், வெளியே ஒரு சட்டம், நடுவில் ஒளி போகும் இடைவெளி என்று உலோகத்தில் செய்வது ஒரு வழி. முழு மூடியையும் கண்ணாடித் தட்டால் அழுத்துவது இன்னொரு வழி. கண்ணாடி சமமாக அழுத்தும். ஆனால் ஒரு பாகம் பொசுங்கினால் அந்தக் கரி கண்ணாடியில் ஒட்டி, அடுத்து வரும் நல்ல பாகங்களையும் பொசுக்கும். கண்ணாடியை ஷிஃப்டுக்கு ஒரு தடவையாவது துடைக்க வேண்டும்.

பாகங்களை வைக்குமுன் நிலைமின்சாரத்தை நீக்கும் அயனி காற்று ஊதித் தூசியை நீக்குங்கள். மூடியின் மேல் கைரேகை படக் கூடாது, கையுறை போடுங்கள். மோல்டில் சிலிகான் ஸ்பிரே அடிக்கும் பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். இரண்டு பரப்புக்கும் நடுவே சிலிகான் படலம் இருந்தால் எவ்வளவு உருக்கினாலும் பிடிக்காது.

செட்டிங்

கோட்டை ஒரே தடவை மெதுவாகச் சுற்றி வருவது ஒரு முறை. நமக்கு ஏற்றது மற்றது: ஒளி வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் திரும்பத் திரும்ப ஓடும், 190 மி.மீ. கோட்டை வினாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் சுற்றும். ரிப் முழுக்க ஒரே நேரத்தில் இளகி, கிளாம்ப் அழுத்தத்தில் அமுங்கும். மேடு பள்ளம் இருந்தாலும் இளகிய ரிப் அதைச் சமன் செய்துகொள்ளும். அமுங்கும் தூரத்தைச் சென்சார் பார்த்துக்கொண்டிருக்கும். குறித்த தூரம் வந்ததும் லேசர் நிற்கும்.

கணக்கு இப்படி: லேசர் 100 வாட், மூடி 45% ஒளியை விடுகிறது. கீழே போய்ச் சேருவது 45 வாட். 3 வினாடி என்றால் 135 ஜூல், ஒரு மி.மீ. நீளத்துக்கு 0.7 ஜூல். ஆரம்ப சோதனைக்கு இந்த இடம் போதும். பிறகு அமுங்கும் தூரத்தை 0.1, 0.2, 0.3, 0.4 மி.மீ. என்று மாற்றி ஒவ்வொன்றிலும் ஐந்து பாகம் வெல்டு செய்து, உள்ளே காற்றழுத்தம் கொடுத்து உடைத்துப் பாருங்கள். உடையும் அழுத்தம் முதலில் ஏறும், பிறகு சமதளமாக நிற்கும், அதற்கப்பால் இறங்கக்கூடும். சமதளத்தின் நடுவைப் பிடியுங்கள். மிக உயர்ந்த ஒற்றை எண்ணைத் துரத்த வேண்டாம்.

உடையும் அழுத்தத்தில் அதிகம் எதிர்பார்க்கவும் வேண்டாம். கண்ணாடி இழைகள் இணைப்பைக் கடந்து போவதில்லை. வெல்டின் பலம் இழையில்லாத நைலானின் பலத்தை ஒட்டித்தான் இருக்கும். 30% இழைக்கான எண்ணை வெல்டுக்கும் போட்டு டிசைன் செய்துவிட்டு மெஷின்காரரைத் திட்டுவது வழக்கமாக நடக்கிறது.

செட்டிங்கில் எல்லோரும் தூரத்தைப் பார்ப்பார்கள். எடுத்த நேரத்தைப் பார்ப்பவர் குறைவு. மூடியின் ஒளிவிடும் அளவு 45-லிருந்து 35%க்கு இறங்கினால் கீழே 35 வாட்தான் சேரும். அதே 135 ஜூலுக்கு 4 வினாடி ஆகும், சூடு கசிவதால் அதற்கும் மேலே. மெஷின் 0.3 மி.மீ. அமுங்கியது என்று பச்சை விளக்குக் காட்டும். ஆனால் உருகல் வேறு, மேற்பரப்பு வாங்கிய சூடும் வேறு. ஒவ்வொரு பாகத்துக்கும் நேரத்தைப் பதிவு செய்து மேல், கீழ் வரம்பு வையுங்கள். புது லாட் மூடி வந்த அன்று அந்த நேரம் நகர்ந்தால், லீக் டெஸ்ட்டுக்கு முன்பே தெரிந்துவிடும்.

வெல்டு பிடிக்கவில்லை என்றால்

முதலில் கை வாட்டைக் கூட்டத்தான் போகும். போக வேண்டாம். மெஷினைத் தொடாமல் பழுது எந்த வகை என்று பாருங்கள்.

மூடியின் மேற்பரப்பில் கருப்புப் புள்ளி: தூசி, கைரேகை, கீறல், அழுக்குக் கண்ணாடி. புள்ளியாக இல்லாமல் கோடாகப் பொசுங்கினால் மூடியின் ரகம் தவறு, அல்லது மறுசுழற்சிப் பொருளில் கார்பன் பிளாக் கலந்திருக்கிறது.

கசிவு எப்போதும் ஒரே இடத்தில் என்றால் அது பெரும்பாலும் லேசர் பிரச்சினை அல்ல. அங்கே மூடி வளைந்திருக்கும், சிங்க் மார்க் (பிளாஸ்டிக் ஆறும்போது விழும் பள்ளம்) இருக்கும், அல்லது கிளாம்ப் அந்தப் பக்கம் தளர்ந்திருக்கும். அழுத்தத்தைக் காட்டும் நிறம் மாறும் படலத்தை வெல்டு கோட்டின் மேல் வைத்துக் கிளாம்பை மூடித் திறந்தால் வெளிறிய இடம் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். கசிவு இடம் மாறிமாறி வந்தால் தூசியையும் ஈரத்தையும் சந்தேகியுங்கள்.

பிரித்துப் பார்த்தால் ரிப் உருகிப் பளபளக்கிறது, மூடியில் தடமே இல்லை: இடைவெளி, அல்லது சிலிகான். இரண்டு பக்கமும் கிழிந்த நார் தெரிந்தால் வெல்டு நல்லதுதான். உடைந்தது வேறு காரணத்தால். வெல்டு முழுக்கக் குமிழி என்றால் ஈரம் அல்லது அதிகச் சூடு. அதே லாட்டில் இன்னும் வெல்டு செய்யாத பாகங்களை ஒரு ராத்திரி 80 டிகிரியில் காய வைத்து வெல்டு செய்யுங்கள். குமிழி மறைந்தால் ஈரம், மறையாவிட்டால் சூடு.

உள்ளே பார்க்க, குறுக்கே வெட்டி எபாக்சியில் பதித்து மெருகேற்றி மைக்ரோஸ்கோப்பில் வையுங்கள். இழை கலந்த நைலானை மெல்லிய சீவலாகச் சீவப் போனால் இழை இழுத்துக்கொண்டு வந்து படத்தைக் கெடுக்கும்.

லீக் டெஸ்ட்டில் காற்றழுத்தக் குறைவு முறை (உள்ளே காற்றை அடைத்து அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பது) உற்பத்தி வேகத்துக்கு ஒத்துவரும். வெல்டு முடிந்த கையோடு சோதித்தால் பாகம் இன்னும் ஆறாமல் உள்ளே காற்று சுருங்கிக்கொண்டிருக்கும், எண் பொய் சொல்லும், ஆறவிட்டுச் சோதியுங்கள். ஐபி67 என்ற நீர்ப்புகாத் தரம் கேட்டால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். அதைப் புதுப் பாகத்தில் செய்தால் மட்டும் போதாது, குளிரும் வெப்பமும் மாற்றி மாற்றிக் கொடுத்த பிறகும் செய்ய வேண்டும்.

கண்

980 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. கூசாது, இமையும் தானாக மூடாது. விழித்திரை சுட்ட பிறகுதான் தெரியும். இவை 4-ஆம் வகுப்பு லேசர்கள். கதவு திறந்தால் ஒளி நிற்கும் மூடிய கூண்டுக்குள் மட்டும் ஓட்டுங்கள். சர்வீஸுக்குக் கூண்டைத் திறப்பவர் அந்த அலைநீளம் பொறித்த கண்ணாடி அணிய வேண்டும். 1064-க்கான கண்ணாடி 980-க்குப் போதும் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. புகையை உறிஞ்சும் குழாயும் தேவை. பிவிசியை லேசருக்குக் காட்டவே வேண்டாம். சிதைந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், ஆளையும் மெஷினையும் அரிக்கும்.

வாரம் ஒரு தடவை பவர் மீட்டரைப் பாகம் உட்காரும் இடத்திலேயே வைத்து அளந்து எழுதிவையுங்கள். திரையில் 100 வாட் என்று காட்டும் மெஷின், லேசர் தலையின் பாதுகாப்புக் கண்ணாடியில் புகை படிந்திருந்தால் கீழே 85 கூடத் தராமல் இருக்கலாம்.